முதலில் குடம், பிறகு குழாய்

சாமி, நேற்றும் ஒன்பது மணிக்கு உன் போன் வந்தது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அப்பாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது, கேட்டைப் பூட்டினாயா. எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், மத்தியானம் நம் வாசலில் நடந்த ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. நீ அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கல்யாணமாகிப் போன புதிதில் அம்மா இரண்டாம் முறை கூப்பிட்டால் என்னவோ ஏதோவென்று நீயும் பதறி, மாப்பிள்ளையையும் பதற வைப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த விஷயத்தைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மற்றதைப் படிக்காமல் ஓடிவிடுவாய், எனக்குத் தெரியாதா உன்னை.

உனக்குத் தெரிந்த கதையையும் ஆதியோடந்தமாக எழுதப்போகிறேன், சலித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையும் படிக்கட்டும். உன் ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். பெற்ற பெண்ணைப் பற்றி ஒருத்தி இப்படியா பீற்றிக்கொள்வாள் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மண்டியில் பில் போடுகிற நேரத்தில்கூட உன்னைப் பற்றிப் பேசிப் பேசி முதலாளியிடம் திட்டு வாங்கியவள் நான். இனிமேல் புதிதாக வெட்கப்பட என்ன இருக்கிறது.

மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் நம் சந்து. ஒரு ஆட்டோ உள்ளே நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சந்தின் கடைசி வீடு நம்முடையது, குடிதண்ணீர்க் குழாய்க்கும் நாம்தான் கடைசி. தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளிலும் இன்ன நேரம் என்று கிடையாது. வாக்கப்பட்டு வந்த புதிதில் என் வேலையே குழாயைத் திறந்து பார்ப்பதுதான். உலை வைத்துவிட்டு ஒரு தரம், துணி ஊறவைத்துவிட்டு ஒரு தரம். திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும், மூடிவிட்டு வருவேன். இப்படி அடிக்கடி எழுந்து பார்த்தால் மற்ற வேலை எதுவும் ஓடாது. சரி, கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கலாம் என்று தலையைச் சாய்த்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தண்ணீர் வந்து போயிருக்கும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் சரியாக இருக்கும் என்று நானும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

இதற்கு வழி சொன்னவர் சரோஜாக்கா. நமக்கு முந்தின வீடு. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோர்ப்பார். சந்தில் பாதிப் பேர் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் என்பதால் தண்ணீர் வந்ததென்று கூப்பாடு போட முடியாது. போட்டாலும் கொல்லையில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசல் கல்லிலும் காலி எவர்சில்வர் குடம் ஒன்றைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். தண்ணீரை முதலில் பார்க்கிற வீடு, அடுத்த வீட்டுக் குடத்தைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக் குடத்தை நிமிர்த்தும். டங் என்ற சத்தத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். சத்தம் காதில் விழாதவரும் வெளியே எட்டிப் பார்த்தால் குடம் நிமிர்ந்து நிற்பது தெரியும். வேலை முடிந்ததும் அவரவர் குடத்தை அவரவர் கவிழ்த்துவிட வேண்டும். அன்றிலிருந்து நான் சும்மா சும்மா எழுந்து குழாயைத் திறப்பதை விட்டேன். நம் குடத்தை நிமிர்த்துவது சரோஜாக்காவின் பொறுப்பு.

நீ படித்து முடித்து பெங்களூரில் டேட்டாபேஸ் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாய். அது என்னடி என்று கேட்டதற்கு, “பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரி சீட்டு, பஸ் டிக்கெட்டெல்லாம் உள்ள உக்காந்திருக்கற எடம்மா” என்றாய். அதற்குள் யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் வேலை செய்துகொண்டே இருக்கிற குட்டிக் குட்டிப் புரோகிராம்கள் உண்டாம். அதில் ஒன்று பெருக்குகிற வேலை பார்ப்பது. பழைய கணக்கை அழித்தால் மிஞ்சுகிற குப்பையை அள்ள வேண்டியது அதன் பொறுப்பு. அது இவ்வளவு நேரம் என்று வைத்துத் தூங்கும், எழும், குப்பை இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் மறுபடி அதே அளவு தூங்கும். ஒருத்தரும் தொடாத கம்ப்யூட்டரில்கூட நாள் முழுக்க எழுந்து எழுந்து படுத்துக்கொண்டிருக்கும். மெஷினுக்கு ஓய்வே கிடையாது, கரண்டும் வீண். தூங்கும் நேரத்தைக் கூட்டினால் குப்பை மலையாகச் சேர்ந்த பிறகு ஆடி அசைந்து வரும். நீ சொல்லி முடிப்பதற்குள் நான், “இது நம்ம கொழாய்க் கதையாட்டம் இருக்குதே” என்றேன். நீ போனிலேயே சிரித்தாய். “அதேதாம்மா. நான் அதுக்கு ஒரு கொடம் வெக்கப்போறேன்” என்றாய்.

வேலை இருந்தால் கொண்டு வருகிறவர்களே தட்டி எழுப்புவார்கள், தட்டியதற்கு ஒரு அடையாளமும் நிமிர்ந்து நிற்கும். அடையாளம் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நீ கண்டுபிடித்ததாக நான் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீயே என்னைத் திருத்தினாய். இது பழைய வழிதான், மற்ற இடங்களில் ஏற்கனவே இருக்கிறது, இந்தப் பெருக்குகிற ஒன்றைத் தொடத்தான் எல்லோரும் பயந்தார்கள் என்றாய். தனக்குச் சேராத பெருமையை வேண்டாமென்று சொல்கிற பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். ஆனால் இன்னொன்றும் சொன்னாய். தட்டுகிறவர் தட்டாமல் போனால் என்ன ஆகும், ரொம்ப நேரத்துக்கு ஒரு தரமாவது தானாக எழுந்து பார்க்கிற மாதிரி வை என்று உன் மேலாளர் கேட்டாராம். அது தேவையே இல்லை என்று வாதாடி ஜெயித்துவிட்டாயாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. என் வயிற்றில் பிறந்தது, இல்லாமலா இருக்கும்.

இப்போது உன் புதுநன்மைக்கு முந்தின நாளுக்கு வருகிறேன். மறுநாள் கோயிலில் நீ முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாய், சேந்தமங்கலத்திலிருந்து அத்தை குடும்பமே வருகிறது, வீட்டில் சமையல். அன்று காலையில் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. சரோஜாக்கா வந்து நம் குடத்தை நிமிர்த்திவிட்டுப் போனார். நான் பிடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. மறுபடி வரும் என்று குடத்தைக் கவிழ்க்காமல் உன்னைக் கூட்டிக்கொண்டு பூவும் சாமானும் வாங்கக் கடைவீதிக்குப் போய்விட்டேன். அப்பா அப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாழை இலைக் கட்டு வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். நாம் திரும்பி வந்து பார்த்தால் அண்டா காலி, தொட்டி காலி, வாசலில் குடம் கவிழ்ந்து கிடக்கிறது, அப்பா குறட்டை விடுகிறார். சரோஜாக்கா வீட்டு வாசலில் நிறைகுடங்கள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் வந்து போயிருந்தது.

“நான் வந்தேனுங்க. கொடம் நிமிந்துதான் நின்னுச்சு. அதும்மேல ஒரு தட்டும் தட்டிட்டுத்தான் போனேன்” என்றார் சரோஜாக்கா. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, “நான் கொழாயத் தொறந்து பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. அப்பறந்தான் கொடத்தக் கவுத்துட்டுப் படுத்தேன். இவிங்க வந்திருந்தா கொடம் நிமிந்தல்லோ இருக்கோணும்” என்றார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். கடைசியில் அப்பா, “தண்ணி புடிக்கற அவசரத்துல மறந்துபோட்டு, இப்ப வந்து கத சொல்றாங்க” என்றார். சரோஜாக்கா என்னைப் பார்த்தார். எனக்கோ விடிந்தால் விருந்து, கண்ணெதிரே கவிழ்ந்த குடம். நான் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். லாரித் தண்ணீர் வாங்கி விருந்தை முடித்தோம். சரோஜாக்கா விருந்துக்கு வரவில்லை, அன்றோடு நம் வீட்டுடன் பேச்சும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் வந்த எந்த நாளிலும் நம் குடம் நிமிராமல் இருந்ததில்லை. டங் என்று கேட்கும், நான் ஓடி வந்து பார்த்தால் அவர் முதுகுதான் தெரியும். மழையோ வெயிலோ, அவருக்கு உடம்பு சரியில்லாத நாளோ, தட்டுவது மட்டும் நிற்கவில்லை. நீ பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, வேலைக்குப் போகிற வரைக்கும் இப்படியே ஓடியது. வாய்விட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பேசப் போனால் அப்பா, “பொய் சொன்னவிங்க ஊட்டுக்கு நீ எதுக்குப் போறே” என்பார். அந்தப் பக்கம் சரோஜாக்கா கதவைச் சாத்திக்கொள்வார்.

இனி உன் கல்யாணத்துக்கு முன்னால் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. மணமக்கள் பெயரைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, ஓலை, அதில் இரண்டாவது ஓலை அன்றைக்கு. அதற்காக வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாய். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உன் முகம் சரியில்லை. மாப்பிள்ளையோடு ஏதாவது மனத்தாங்கலோ என்று பையை வாங்கும்போதே கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றாய். உன் பெருக்குகிற புரோகிராம் ஒரு பெரிய இடத்தில் தூங்கப் போய் எழுந்திருக்கவே இல்லையாம். குப்பை சேர்ந்து சேர்ந்து மற்ற வேலையெல்லாம் நகர முடியாமல் நின்று, யாரோ கையால் தட்டி எழுப்ப வேண்டியதாகிவிட்டது. சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. “திங்கக்கெழம காலைல மீட்டிங்மா. அதுக்குள்ள காரணம் கெடைக்கலைனா நான் செஞ்சதை எடுத்துட்டு, பழையபடி நேரம் வெச்சுத் தூங்க வெச்சிருவாங்க” என்றாய். பழைய முறையில் யாருக்கும் கெட்ட பெயர் வந்ததில்லை என்று ஆபீசில் பேச்சாம்.

வருஷக்கணக்கில் நீ இழைத்த வேலை அது. யார் யாரோ தொடப் பயந்ததைத் தொட்டு, ஒவ்வொருத்தரையும் ஒத்துக்கொள்ள வைத்து, உன் பெயரைப் போட்டு உள்ளே அனுப்பியது. சனிக்கிழமை முழுக்க லேப்டாப்பும் நீயுமாக அறைக்குள் கிடந்தாய். நகைக்கடைக்குப் போகலாம் வா என்றால் தலையை மட்டும் ஆட்டினாய். மாலையில் காபி கொண்டுவந்து வைத்தபோது சொன்னாயே, அது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “வேல கொண்டுவந்தவங்க எல்லாரும் தட்டுனதாத்தான் பதிவாயிருக்குதும்மா. தூங்குனது என்னடான்னா, ஒருத்தரும் தட்டலைனு சொல்லுது. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது, எதுன்னுதான் தெரியல.” எனக்கு உதவ ஒரு வழியும் தெரியவில்லை. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பத்திரிகை யார் யாருக்கு என்று பேச்சு வந்தது. சரோஜாக்காவுக்கும் வைத்துவிடலாமே என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ரசத்தை ஊற்றிக்கொண்டே வழக்கமான பாட்டைப் பாடினார். “நான் கொழாயப் பாத்தேன், காஞ்சு கெடந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் கொடத்தக் கவுத்தேன். அந்த அம்மிணி வந்து தட்டியிருந்தா…” நீ சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினாய். “அப்பா, இருங்க. மறுபடி சொல்லுங்க. மொதல்ல எது, அப்பறம் எது?” என்று கேட்டாய். “கொழாய்தான் மொதல்ல. அப்பறம் கொடம்” என்றார். “அந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டாய். அப்பா உன்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “வேட்டிய அவுத்துட்டு லுங்கி கட்டுனேன், அதுக்கென்ன இப்போ?” என்றார்.

நீ கையைக்கூடக் கழுவவில்லை. அப்பாவைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். குடத்தை நிமிர்த்தி வைத்து, “அன்னிக்குக் காலைல வந்த தண்ணிக்கு சரோஜாப் பெரியம்மா நிமித்துன கொடம் இப்படித்தான நின்னுச்சு? இப்பக் கொழாயத் தொறங்க” என்றாய். திறந்தார், காற்றுதான் வந்தது. “போயி லுங்கி கட்டிட்டு வாங்க” என்றாய். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் நீ சரோஜாக்கா மாதிரி நடந்து வந்து, ஏற்கனவே நிமிர்ந்து நின்ற குடத்தை டங் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டாய். அப்பா லுங்கியோடு வந்தார், பழக்க தோஷத்தில் குடத்தைக் கவிழ்த்தார். “இப்ப இந்தக் கொடத்தப் பாத்தா என்ன தெரியுது?” என்று கேட்டாய். “தண்ணி வரலைனு தெரியுது” என்றார். “அப்ப நான் வந்து தட்டுனது எங்கப்பா போச்சு?” என்றாய்.

அதற்குப் பிறகு நீயே அன்றைக்கு நடந்ததை வரிசையாக எடுத்துச் சொன்னாய். அன்றைக்குப் பக்கத்து மாவு மில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், உள் அறையில் எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. சரோஜாக்கா வந்தார், தட்டினார், குடம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார், போனார். அப்பா பார்த்தபோது தண்ணீர் இல்லை என்பதும் நிஜம். லுங்கி கட்டுகிற நேரத்தில் வந்த தண்ணீரும், அதற்காகத் தட்டிய தட்டும், அவர் குடத்தைக் கவிழ்த்ததில் அழிந்து போயிற்று. குடத்தை முதலில் கவிழ்த்துவிட்டு அப்புறம் குழாயைப் பார்த்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. கவிழ்த்த பிறகு யார் வந்து தட்டியிருந்தாலும் குடம் மறுபடி நிமிர்ந்திருக்கும். இதை நீ சொல்லச் சொல்ல எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமும் இரண்டு வீட்டிலும் ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை.

நீயோ அழவில்லை, லேப்டாப்பைத் தேடி ஓடினாய். “என்னோடதும் இதேதாம்மா பண்ணுது. வேல இருக்குதான்னு மொதல்ல பாக்குது, இல்லைன்னதும் அடையாளத்தக் கவுத்துட்டுத் தூங்கப் போகுது. அந்த நடுவுல யாராச்சும் வேல கொண்டுவந்து தட்டிட்டாங்கன்னா, அந்தத் தட்டையும் சேத்துக் கவுத்துருது” என்றாய். கண் இமைக்கிறதைவிடச் சின்ன நேரமாம் அந்த நடுவு. கூட்டம் குறைவான இடத்தில் அதற்குள் யாரும் வந்து மாட்டுவதில்லை. ஓயாமல் ஆள் வருகிற பெரிய இடத்தில் என்றைக்காவது ஒருத்தர் மாட்டிக்கொள்கிறார். பழைய முறையில் அது எப்படியும் தானாக எழுந்துவிடும் என்பதால், இப்படி ஒரு ஓட்டை வருவதற்கே வழியில்லை. சாயங்காலத்துக்குள் வரிகளை இடம் மாற்றி, அந்தச் சின்ன நடுவை வேண்டுமென்றே இழுத்துப் பெரிதாக்கி, திரும்பத் திரும்பத் தட்டிச் சோதித்தாய். ஒவ்வொரு தரமும் எழுந்தது. அதற்குப் பிறகுதான் நகைக்கடைக்கு வந்தாய், அதுவும் ரசக் கறை பட்ட சுடிதாரோடு.

திங்கட்கிழமை வீட்டிலிருந்தே மீட்டிங்கில் பேசினாய். நான் கதவோரம் நின்று கேட்டேன், இங்கிலீஷில் பாதி புரிந்தது. தப்பு எங்கே என்று சொன்னாய், சோதித்ததைக் காட்டினாய். அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னாய். ரொம்ப நேரத்துக்கு ஒரு தரம் தானாக எழுந்து பார்க்கிற ஏற்பாடு வேண்டும் என்று மேலாளர் ஆரம்பத்தில் சொன்னது சரி, அதையும் சேர்த்துவிட்டேன் என்றாய். இரண்டு நாளாக அந்த மனிதரை நான் வாய்க்குள் சபித்துக்கொண்டிருந்தேன், அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். உன் வேலையை எடுக்கவில்லை, அது நின்றது. நீ ஜெயித்ததைவிட, ஜெயிக்கிற நேரத்தில் எதிராளி சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டாயே, அங்கேதான் எனக்கு நெஞ்சு நிறைந்தது. எனக்கு அந்தக் குணம் கிடையாது, உன் அப்பாவுக்குச் சுத்தமாகக் கிடையாது. எங்கிருந்துதான் கற்றுக்கொண்டாயோ.

அன்று சாயங்காலமே அப்பாவின் கையில் பத்திரிகைத் தட்டைக் கொடுத்து சரோஜாக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். அப்பா வாசலில் நின்று, “நீங்க வந்து தட்டுனது நெசந்தானுங்க அம்மிணி. நானுந்தான் பாத்துட்டுக் கவுத்தேன், அதுவும் நெசம். இவ இப்பத்தான் எனக்கு வெளங்க வெச்சா” என்றார். நீ அவர் வீட்டுக் குடத்தையே எடுத்து வைத்துச் செய்து காட்டினாய். சரோஜாக்கா கோர்த்துக்கொண்டிருந்த மணிகளைக் கீழே வைக்காமலே பார்த்தார். அப்பாவைப் பார்க்காமல் உன்னிடம் மட்டும், “உங்கப்பாதான் தூங்கிப்போட்டுப் பொய் சொல்றார்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் சாமி” என்றார். தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கும் வந்தார். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, சாப்பிட்டு, உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டுப் போனார். எங்களோடு மட்டும் பேசவில்லை. அத்தனை வருஷம் சாத்திக் கிடந்த வாய் ஒரே நாளில் திறந்துவிடுமா என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாணமான பெண்ணுக்கு அம்மாக்காரி புத்தி சொல்லாமல் விட்டால் ஊர் என்னைச் சும்மா விடாது, அதனால் கேட்டுக்கொள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்றைக்காவது வாக்குவாதம் வரும். நான் சொன்னேன் என்பாய், நீ சொல்லவே இல்லை என்பார். யார் பொய் சொல்கிறார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. நடுவில் யாராவது லுங்கி கட்டப் போனார்களா என்று கேள். அவர் ஏதாவது சொல்ல வரும்போது நீ ஏற்கனவே முடிவு செய்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதற்கப்புறம் காதைக் கொடு. இன்னொன்று, ஆபீசில் காட்டுகிற பொறுமையில் பாதியையாவது அடுப்படியில் காட்டு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு எழுந்து ஓடுகிற வழக்கம் இந்த வீட்டோடு போகட்டும்.

போன் விஷயத்துக்கும் வருகிறேன். தினமும் ஒன்பது மணிக்கு நீ கூப்பிடுவது எதற்கென்று எனக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்களே என்ற கவலை. ஆனால் ஒன்பது மணிக்கு எங்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை சாமி, கொட்டாவிதான் வருகிறது. எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அது நடந்த நேரத்திலேயே நான் கூப்பிடுகிறேன், நீ மீட்டிங்கில் இருந்தால் விட்டுவிடு. நான் கூப்பிட்டது போனில் நிற்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உனக்கும் மனசு நிறைந்தாலோ கலங்கினாலோ உடனே தட்டு, ஒன்பது மணிக்காகச் சேர்த்து வைக்காதே. அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். நானும் அப்பாவும் உடம்புக்கு முடியாததை மறைக்கிற ஜாதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நான் தட்டினாலும் தட்டாவிட்டாலும், ஒரு தரம் நீயாகக் கூப்பிட்டுப் பார். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தாதே.

இப்போது நேற்று மத்தியானத்துக்கு வருகிறேன். நான் மண்டிக்கு மதியத்தோடு லீவு சொல்லிவிட்டு வந்து அடுப்படியில் இருந்தேன். அப்பா கால் வலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாசலில் டங் என்று சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல முதுகைப் பார்க்கத்தான் எழுந்தேன். முதுகு இல்லை. சரோஜாக்கா குடத்தில் ஒரு கையை வைத்தபடி நம் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். “ஏனுங்ணா, தண்ணி வந்துருச்சுங்க. லுங்கியெல்லாம் அப்பறம் கட்டிக்கலாம், வெரசா வாங்க” என்றார். உள்ளே அப்பா படுக்கையிலிருந்து எழுந்த வேகத்தில் தைலப் பாட்டில் உருண்டு ஓடியது. நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். வந்தவர் சரோஜாக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. சரோஜாக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து முதலில் குடத்தைக் கவிழ்த்தார், அதற்குப் பிறகுதான் குழாயைத் திறந்தார்.